அதே மைக்கில் ஒரு நன்கொடை

கோஷம் போட்டுக் கேட்பதைவிடக் கும்பிட்டுக் கேட்பது கஷ்டமான தொழில். இரண்டையும் செய்து பார்த்தவன் சொல்கிறேன். நன்கொடை நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களே, உங்களுக்கு இது புரியும்.

எங்கள் கடற்கரை ஊரின் அரசு நடுநிலைப் பள்ளிக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, கதவில்லாத கழிப்பறைக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். இரண்டாவது, அறிவியல் பெட்டியின் சாவி, அதை வைத்திருந்த வாத்தியாரோடு சேர்ந்து மாறுதலாகிப் போனது. மூன்றாவது, காண்ட்ராக்டர் நாகநாதன் கட்டிய சுற்றுச்சுவர் முதல் ஐப்பசி மழையிலேயே படுத்துக்கொண்டது. மூன்றுக்கும் துண்டறிக்கை எழுதி, ஆட்டோவில் மைக் கட்டி, மறியல் செய்தவன் நான். நான் எழுதப் படிக்கப் பழகியதே துண்டறிக்கைகளில்தான்.

நான்காவதுதான் என்னைக் கும்பிட வைத்தது. செல்வமேரி டீச்சர் வியாழன் மதியம் ஒரு வகுப்பு நடத்துகிறார். கேள்வியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பார்கள், விடையையும் அவர்களே தேடிப் போவார்கள். உப்பளத் தெருவிலிருந்து வரும் ஏழாம் வகுப்பு பாத்திமாவின் கேள்வி, எங்கள் தெருக் கிணறு மட்டும் ஏன் கரிக்கிறது என்பது. ஊர்க் கிணறுகளை எல்லாம் சோதிக்க, தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், பாட்டில், நோட்டு வேண்டும். அரசு ஒதுக்கீட்டில் இதற்கெல்லாம் இடமே இல்லையாம். பொங்கல் விடுமுறைக்குள் வாங்காவிட்டால் அந்த வியாழன் வகுப்பு பரீட்சைப் பயிற்சிக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

என் முதல் வேண்டுகோள்

ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போனேன். ‘செல்வந்தர்களே! எத்தனை நாள் பொறுப்பது? உடனே நிதி வழங்கு!’ என்று தொடங்கி, எட்டாவது வரியில் மாவட்டம் தழுவிய போராட்டம் வரைக்கும் வந்திருந்தேன். பெருமையோடு டீச்சரிடம் நீட்டினேன். அவர் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படித்து முடித்தார்.

“அண்ணே, இதை வாங்குறவுக காசு எடுக்க மாட்டாக, ஜாமீனுக்கு ஆள் தேடுவாக.”

ஜவுளிக்கடையில்

ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். எங்கள் பள்ளிக்கு நான்கு மின்விசிறி கொடுத்தவர். ஒவ்வொன்றிலும் மூன்று இறக்கையிலும் ‘உபயம்’ என்று அவர் பெயர் சுற்றும். காபி வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் கேள்வி கேட்கும் கதையை ரசித்துக் கேட்டார். மேசைக்குள் கைவிட்டவர், ஏதோ நினைவு வந்து வெறுங்கையை வெளியே எடுத்தார்.

“எல்லாஞ் சரி தோழர், கேள்வியில எங்கன பெயிண்ட் அடிக்கிறது?”

உப்பள முதலாளி

கூலி உயர்வுக்காக அவர் வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது இல்லாத நாற்காலி இப்போது கிடைத்தது. பணம் தரவில்லை. உப்புத் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பாத்தியில் மிதக்கவிட்டுப் பார்க்கும் டிகிரிக் கண்ணாடியை இரவல் தருவதாகச் சொன்னார். அது பாத்திக்குத்தான் ஆகும், குடிக்கிற தண்ணீருக்கு ஆகாது என்று விளக்கினேன். உப்பு விஷயத்தில் எனக்கே பாடமா என்பதுபோல் பார்த்தார்.

“கொண்டு போங்க. கிணத்துல டிகிரி ஏறுச்சுன்னா முதல்ல எனக்குச் சொல்லுங்க, பாத்தி கட்டிருவோம்.”

நாகநாதன் வீட்டில்

கடைசியாக அங்கேதான் போகவேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பேருந்து நிறுத்தத்தில், அவர் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து மைக்கில் வாசித்தவன் நான். அதன் பிறகு இருவரும் பேசியதில்லை.

“வாய்யா, இங்கன உட்காரு” என்றார். கேட்டதை எல்லாம் வாங்கித் தருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். அதே இடத்தில், அதே மைக்கில், நானே அவர் பெயரை வாசிக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. “சுவர் விழுந்தது பொய்யா?” என்றேன்.

“பொய்யின்னு நான் சொன்னேனா? விழுந்தப்ப ஊரைக் கூட்டிச் சொன்ன. மறு மாசமே என் கைக்காசைப் போட்டுத் திரும்பக் கட்டினேனே, அப்ப மைக்கு ரிப்பேரா?”

பாத்திமாவின் தீர்ப்பு

என் துண்டறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் திரும்பக் கட்டியதற்கும் ஒரு துண்டறிக்கை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் கிணறுகளின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வட்டம், எல்லா வட்டமும் காலி. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். பாத்திமா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

“திட்டுறப்ப வாசிச்ச அதே பேருதானே அய்யா, இப்ப வாசிச்சா வாய் வலிக்குமா?”

பேருந்து நிறுத்தத்தில்

மைக்கைத் தட்டினேன். டீச்சர், தலைமையாசிரியர், வியாழன் வகுப்புப் பிள்ளைகள், பேருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் சாட்சி. நாகநாதன் வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றார். “பொதுமக்களே! ராமசாமி மகன் நாகநாதன்...” என்று ஆரம்பித்தேன். தொண்டை பழைய சுருதியிலேயே ஏறிவிட்டது. மீன் கூடையோடு நின்ற அந்தோணியம்மாள் என்னை முடிக்கவிடவில்லை.

“ஐயையோ, மறுபடியும் எந்தச் சுவருய்யா விழுந்துச்சு?”

இரண்டாம் தடவை வாசித்தது கூட்டத்தின் சிரிப்பில் அமுங்கிப்போனது. ஆக, ஒருவரைக் குற்றவாளியாக்க ஒரு தடவை வாசித்தால் போதும் என்றும், நன்கொடையாளராக்க மூன்று தடவை வாசிக்க வேண்டும் என்றும் தெரிந்துகொண்டு, சிரிப்பு அடங்கிய பின் மூன்றாம் தடவையாக வாசித்தேன்: “விழுந்த சுவரைத் தன் செலவில் திரும்பக் கட்டியவரும், இன்று நம் பிள்ளைகளின் கேள்விக்குக் கருவி வாங்கித் தருபவருமான ராமசாமி மகன் நாகநாதன்!”