வார் மாட்டாத கேமராவும் ஒரு கெட்டிமேளமும்

என் வீட்டுக்காரர் ஆரணியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. நான் சேவூரில் தறி வீட்டில் பிறந்தவள். வந்த புதிதிலேயே நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்துத் தழும்புகளை மறைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். ஊரில் சில மாப்பிள்ளைகளின் நிஜமான கன்னம் எப்படியிருக்கும் என்பது அவர்கள் மனைவிமாருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

அவரிடம் இருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கிற, முன்பக்கம் இரண்டு லென்ஸ் வைத்த கேமரா. வாங்கும்போதே அதற்கு ஒரு தோல் வார் கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றி பீரோவின் அடித்தட்டில் போட்டுவிட்டார். கேமராவை வெறும் கையில்தான் பிடிப்பார். ஏன் என்று யார் கேட்டாலும் ஒரு பிரசங்கமே செய்வார். வார் காற்றில் ஆடும், லென்ஸுக்குக் குறுக்கே வந்து விழும், கழுத்தில் தொங்குகிறது என்ற தைரியத்தில் கை சோம்பேறியாகிவிடும். கடைசியில் குரலை இறக்கி முடிப்பார்: "பெத்த கொழந்தையை எவனாச்சும் கழுத்துல கட்டித் தொங்க வுடுவானா? கையிலதானே வெச்சிப்பான்."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் உண்மைக் காரணம் தெரியும். அவர் போடுவது எல்லாம் வெள்ளை டெர்லின் சட்டை. காலர் கத்தி மாதிரி நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள் அந்த வாரை மாட்டிக்கொண்டு வெயிலில் ஒரு ஊர்வலம் எடுக்கப் போனார். வேர்வையில் தோலின் சாயம் இறங்கி, கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்துவிட்டது. அன்று கழற்றியதுதான். அந்தக் காலரைத் துவைத்தவள் நான் என்பதால் நானும் வாரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இப்படியே சில வருஷம் ஓடியது. கேமரா கீழே விழவில்லை. விழாத ஒவ்வொரு மாதமும் அவருடைய பிரசங்கம் கொஞ்சம் நீண்டது.

சந்தவாசலில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோ எடுப்பது இவர்தான் என்று பேச்சு. உறவுக்காரர் என்பதால் இரட்டை மரியாதை. மணமேடைக்குப் பக்கத்திலேயே, மேளக்காரர்களை ஒட்டி ஒரு ஓரத்தில் அவருக்கு இடம் ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குப் புதுச் சட்டை வேறு. வலது கையில் கேமராவும் அதன் பக்கத்தில் பூட்டிய ஃப்ளாஷும். இடது கை சும்மா இருந்தது. வம்பு அந்தக் கையால்தான் வந்தது.

தாலித் தட்டு சபையைச் சுற்றி மேடைக்குத் திரும்பி வந்தாயிற்று. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விரலைத் தூக்கினால் கெட்டிமேளம் என்று மேளக்காரர்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அக்காவைக் கூப்பிட்டார்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும். அந்த அம்மாள் இடுப்பில் ஒரு தடித்த கைக்குழந்தை. சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லார் கையிலும் அட்சதை. ஒரு கை சும்மா இருந்தது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான்.

"அண்ணா, கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்க" என்று குழந்தையை அவர் இடது தோளில் சாத்திவிட்டு நகர்ந்தாள்.

அவர் மறுக்க வாயெடுப்பதற்குள் குழந்தை உதைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சரிந்தது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். இரண்டு கையாலும் குழந்தையை அணைத்துக்கொண்டார். கேமராவுக்கு மூன்றாவது கை இல்லை. அது நேராகக் கீழே உட்கார்ந்திருந்த தவில்காரர் மடியில் சரித்து வைத்திருந்த தவிலின் தோல்மேலேயே போய் விழுந்தது.

ஒரு அடி. நல்ல கனமான, சுத்தமான அடி.

தவில்காரர் பதறிப்போய்த் தன் பங்குக்கு ஒன்று அடித்துவிட்டார். அதைக் கேட்டதும் பக்கத்துத் தவில் பிடித்துக்கொண்டது, நாயனம் உச்சத்துக்கு ஏறியது. கெட்டிமேளம் என்று நினைத்துக் கூடம் முழுக்க அட்சதையை வீசியது. மாப்பிள்ளை பாவம், ஐயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாலியைக் கட்டிவிட்டார். பதற்றத்தில் அடுத்த முடிச்சையும் அவரே போடத் தொடங்க, நாத்தனார் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டு மீதியை முடித்தாள். ஐயர் தூக்க வேண்டிய விரலைத் தூக்காமலேயே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேளம் ஓய்ந்தது. பெண்ணின் அப்பா, என் சித்தப்பா, முகம் வெளுத்துப்போய் ஐயர் பக்கத்தில் குனிந்து முகூர்த்தம் தப்பிப்போச்சா என்று கேட்டார். ஐயர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். முகூர்த்த வேளை ஏற்கெனவே பிறந்துவிட்டதாகவும், தான்தான் மந்திரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். சித்தப்பாவுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் எல்லாருக்கும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவர் குழந்தையை அணைத்தபடி தவிலையே பார்த்துக்கொண்டு நின்றார். தாலி கட்டிய படம் இல்லை.

கேமராவுக்கு மூடி வளைந்து, ஓரம் நசுங்கியிருந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தவில்காரர் சாப்பாடு முடியும்வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தார். படத்துக்காக மாப்பிள்ளையை மறுபடியும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். கூட்டம் கையில் இல்லாத அட்சதையை வீசுவது போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்தில் மணப்பெண் படத்தில் சிரித்தால் அம்மாக்காரி கிள்ளுவாள். என் சித்தி மகளால் அடக்க முடியவில்லை. தலையை நிமிர்த்தி, பல் தெரிய, மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இவர் எடுத்த கல்யாணப் படங்களிலேயே அழகானது அதுதான். அதில் நான் பென்சிலே வைக்கவில்லை.

பந்தியில் என் சித்தப்பா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பெண்ணின் கல்யாணத்தையும் இவரே எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப வரும்போது மட்டும் அந்தக் கேமராவ எங்கியாச்சும் கட்டிகினு வாங்க மாப்ளே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கேமராவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆரணி நெருங்கும்போது, "தோலு வேணாம். சாயம் எறங்கும்" என்றார். அவ்வளவுதான் அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட விதம்.

என் அண்ணன் தறியில் இழை பிசகி விற்காமல் நின்ற பட்டுச் சேலை ஒன்று சேவூரில் கிடந்தது. அதன் கரையை வெட்டி, நாலாக மடித்து, மிஷினில் நெருக்கித் தைத்தேன். அரக்கு நிறம், நடுவில் ஜரிகை. முதல் நாளே அது தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. டெர்லின் மேல் பட்டு எப்படி நிற்கும்? உள்பக்கம் முரட்டுக் காடாத் துணி வைத்து மறுபடி தைத்தேன். கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்காகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அப்படிப் போட்டுப் பார்த்தவர், கேமராவைக் கீழ்நோக்கி அழுத்தினால் வார் விறைத்துக் கை ஆடாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். இதைத் தானே உலகத்தில் முதன்முதலாகக் கண்டதுபோல என்னிடம் விளக்கினார். நானும் முதன்முதலாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன்.

கல்யாண வீடுகளில் அந்த வார்மேல்தான் பெண்களுக்குக் கண். "இங்க பாருங்கம்மா" என்று இவர் கேமராவைக் காட்டினால், அவர்கள் கரையைப் பிடித்துப் பார்த்து, எந்தத் தறி, இந்த அரக்கு வேறு எங்கேயும் கிடைக்காதே என்று கேட்பார்கள். அண்ணன் வீட்டைத் தேடிச் சிலர் சேவூருக்கே போனார்கள்.

எண்பதுகளில் வெளிநாடு போய் வந்தவர்கள் ஆளுக்கொரு கேமராவோடு ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்தார்கள். அதற்குள் இவருடைய பழைய பிரசங்கம் அப்படியே தலைகீழாகத் திரும்பிவிட்டது. வார் இல்லாமல் கேமராவைத் தொடுகிறவன் மனுஷனே இல்லை என்பார். ஒருமுறை துபாயிலிருந்து வந்த ஒருவர், மனைவி பிள்ளைகளோடு ஆற்று மணலில் ஒரு படம் எடுக்க வேண்டும், தன் புதுக் கேமராவிலேயே எடுத்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டார். நானும் போயிருந்தேன். இவர் முதலில் அதன் வாரைச் சோதித்தார். நீளம் அதிகம் என்று குறைத்தார். குறைந்துவிட்டது என்று நீட்டினார். கூட்டத்தில் மணிக்கட்டில் எப்படிச் சுற்றிக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் எப்படி, குழந்தை கையில் இருந்தால் எப்படி என்று செய்து காட்டினார். அந்த மனிதர் பொறுமையாகத்தான் கேட்டார். அவர் மனைவி என் காதருகே வந்து, "படம் எப்பங்க எடுப்பாரு?" என்றாள்.

அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. வெளிச்சம் போதாது, நாளைக்கு ஜல்தியா வந்துடுங்க என்று அவர்களை அனுப்பிவைத்தார்.