பாக்கெட்டுக்கு அடங்கிய கேமரா

என் நாத்தனாரைத் தையல் பட்டறையில் எல்லாரும் பாக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்கு மார்புப் பை வைப்பது அவருடைய வேலை. கோடு போட்ட துணி வந்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவருக்கு மட்டும் கொண்டாட்டம். சட்டையின் கோடும் பையின் கோடும் ஒரு நூல்கூடப் பிசகாமல் சேரும்படி வைப்பார். சட்டையைக் கையில் எடுத்தவர் பை எங்கே என்று தேட வேண்டும். "ஒருத்தர் பேனா சொருக இடம் தெரியாம சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துட்டார்" என்று அவரே கதை கட்டுவார். பொய் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சிரிப்போம்.

அவர் எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அளவு சரியா யாரும் வரலை" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பட்டறையில் அவருக்கு இடப் பக்க மெஷினில் காலர் உட்கார்ந்திருப்பார். அதுவும் வேலையால் வந்த பெயர்தான். இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு எதிர் மேசையில், தைத்து முடிந்த சட்டைகளில் பிசிர் வெட்டும் வேலை. அதற்குக் கை போதும், வாய் வேண்டாம். எனக்கு அது வசதி.

காலருக்குப் பக்கத்திலேயே கத்திரிக்கோல் கிடக்கும். தொட மாட்டார். நூலைப் பல்லால்தான் கடிப்பார். கடித்துக் கடித்து முன்பல்லில் ஊசிக் காது மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். யாராவது ஃபோனைத் தூக்கினால் போதும், அதற்கு முன்னாலேயே போய்விடும். அவர் மகனுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், அம்மா எல்லாப் படத்திலும் தும்முவது போலவே நிற்பார்.

அந்த மகனுக்கு வேறு ஊரில் வேலை. குழந்தை பிறந்ததும் அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். காலருக்கும் சந்தோஷம்தான். மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக எங்களிடம் சொன்னார்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். மாடிப்படி ஏறும்போது நாத்தனார் சொன்னார்.

"இத்தனை வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். கை மறைக்காத அவ மூஞ்சி ஒரு படத்துல கூட இல்லை. போறதுக்குள்ள ஒண்ணு எடுத்துடணும்."

"வெளியே கூப்பிட்டு ஃபோன்ல எடுங்களேன், அக்கா."

"வெளியே வந்தா கை சும்மா இருக்கும், வாய்க்குப் போயிடும். மெஷின்ல உட்கார்ந்திருக்கும்போது ரெண்டு கையும் துணியில மாட்டியிருக்கும் பாரு. அப்பதான் எடுக்கணும்."

ஆனால் பட்டறைக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு, அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். டிசைன் வெளியே போய்விடும் என்று முதலாளிக்குப் பயம். அதனால் ஃபிலிம் கேமரா வாங்குவது என்று நாத்தனார் முடிவு செய்தார். சின்ன வயதில் அவர்கள் குடியிருந்தது ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமராவின் மேல் அப்போதிருந்தே ஒரு கண்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்க்கா, உலகமே ஒரு தட்டுத் தட்டிப் படம் எடுக்குது. உனக்கு மட்டும் கழுவிக் காயப்போட்டுப் பார்க்கிற படமா?"

"ஆமாண்டா. உன் சட்டையை இத்தனை வருஷம் கழுவிக் காயப்போட்டவளுக்கு இது ஒரு வேலையா?"

ஞாயிற்றுக்கிழமை பழைய கேமரா விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கழுத்தில் இஞ்சு டேப். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அளவெடுக்க வந்தீங்களா, கேமரா வாங்க வந்தீங்களா?" என்றார்.

"ரெண்டுக்கும்தான். கேமரா என் ஏப்ரன் பாக்கெட்டுக்குள்ள போகணும். ஆனா லென்ஸ் வழியாவே பார்க்கிற கேமராவா இருக்கணும். நானே திருகி வைக்கிற மாதிரி."

அவர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது நல்ல கனம். கீழே விழுந்தால் தரைதான் உடையும் என்றார். நாத்தனார் டேப்பை வைத்து அகலம், உயரம், பருமன் எல்லாம் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா பாக்கெட் இருக்கும், ஏப்ரன் இருக்காது" என்று தள்ளி வைத்தார். இரண்டாவது எடை இல்லாதது. ஆனால் பாட்டரி தீர்ந்தால் ஒரு படமும் விழாதாம். அதுவும் வேண்டாம் என்றார். மூன்றாவது சின்னது. ஓரங்களில் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிந்தது. டேப் வைப்பதற்கு முன்னாலேயே, "கைக்கு அடக்கமா இருக்கே" என்று சொல்லிவிட்டார்.

கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"நடுவுல ஒரு வட்டம். அந்தக் கதவு அதுக்குள்ள ரெண்டா வெட்டுப்பட்டு நிக்குதே?"

"வளையத்தைத் திருப்புங்கம்மா. ரெண்டு துண்டும் சேர்ந்தா ஃபோகஸ் சரின்னு அர்த்தம்."

திருப்பினார். மேல் பாதிக் கதவு மெல்ல நகர்ந்து கீழ்ப் பாதியோடு பொருந்துவது அவர் உதட்டிலேயே தெரிந்தது.

"இது பை வைக்கிற வேலைதானே!" என்றார்.

கடைக்காரர் விழித்தார். எனக்குப் புரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வெளிச்சம் காட்ட ஓரத்துல ஊசி வேற ஆடுது" என்று நாத்தனார் எனக்கும் காட்டினார். அதற்குமேல் அவரை அந்தக் கேமராவிலிருந்து பிரிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

லென்ஸ்தான் பாக்கி. கடைக்காரர் முதலில் நீளமானது ஒன்றை மாட்டிக்கொடுத்தார். முகம் எடுப்பதற்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றார். நாத்தனார் என்னைக் கடைவாசலில் நிற்க வைத்துப் பார்த்தார். "அடேயப்பா, உன் புருவத்துல ஒரு நரை!" பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார். படம் கலங்கிவிட்டது.

"இது கிட்ட வந்தா ஆகாதும்மா. அஞ்சு அடியாவது தள்ளி இருக்கணும்."

"அஞ்சு அடி தள்ளினா நான் முதலாளி ரூமுக்குள்ள போய் உட்கார்ந்திருப்பேன்."

அடுத்தது அகலமாகக் காட்டும் லென்ஸ். மூக்கை ஒட்டிக்கூட வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் மூக்கு மட்டும் முன்னால் வந்து நின்றது. "அவ மூக்கு இருக்கிற இருப்புக்கு இது தாங்காது" என்று கழற்றச் சொன்னார்.

கடைசியாக ஐம்பது என்று எழுதியிருந்த குட்டையான லென்ஸ். நாத்தனார் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, டேப்பின் ஒரு முனையைத் தன் கன்னத்தில் வைத்து, மறு முனையை என் கையில் கொடுத்தார். தன் மெஷினுக்கும் காலரின் மெஷினுக்கும் உள்ள இடைவெளியை முந்தின நாளே அளந்து வைத்திருந்தார். அதே தூரத்தில் என் மூக்குக்கண்ணாடியின் கம்பி வட்டத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்தது. டியூப்லைட் வெளிச்சத்துக்கும் இதுவே போதும், இதன் துளை பெரிதாகத் திறக்கும் என்றார் கடைக்காரர். முடிந்தது கதை.

அன்றே ஏப்ரன் பைக்கு ஒரு மூடியும் தைத்துக்கொண்டார். கேமரா பைக்குள் போய் உட்கார்ந்தது. மறுநாள் முதலாளியிடம் நேராகப் போய்க் காட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுல எடுத்து, கழுவி, நீ பார்க்கிறதுக்குள்ள டிசைனே பழசாயிடும். வச்சுக்கோ."

காலர்தான் மசியவில்லை. இரண்டு கையும் துணியில் மாட்டியிருந்தால் வாய் தப்பித்துவிடும் என்ற கணக்குப் பலிக்கவில்லை. கேமரா ஏப்ரனிலிருந்து தலையை நீட்டினாலே துணியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "போடி அந்தப் பக்கம்! தையல் கோணிச்சுன்னா நீயா பிரிச்சுத் தைப்பே?" நாத்தனார் விடாமல் எடுத்தார். ஒரு ஃபிலிமுக்கு உரிய முப்பத்தாறு படம் முடிந்த பிறகும், அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் நெம்பு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஏதோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோஷம்.

கடையில் கழுவிக் கொடுத்த ஃபிலிம் கண்ணாடி போல வெறுமையாக இருந்தது. ஒன்றும் பதியவில்லை. ஃபிலிமின் நுனி உள்ளே உருளையில் மாட்டவே இல்லையாம். நெம்பை இழுக்கும்போது இடப் பக்கத்துக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்திருக்க வேண்டுமாம்.

நாத்தனார் மறுநாள் பட்டறையில் தன் வாயாலேயே சொன்னார். "பாபின்ல அடிநூல் தீர்ந்தது தெரியாம முழுச் சட்டையையும் தைச்சிருக்கேன்டி."

பட்டறையே சிரித்தது. காலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தக் காலி டப்பாவுக்கா நான் அத்தனை பயந்தேன்?"

நாத்தனார் சிரித்துக்கொண்டாலும், அன்று டீ வேளையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இரண்டாவது ஃபிலிமை உட்கார்ந்து, நுனியைச் செருகி, இழுத்துப் பார்த்து, குமிழ் சுற்றுவதை என்னிடமும் காட்டிவிட்டுத்தான் மூடினார். காலரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாதது அன்று உதவியது.

காலர் இப்போது கேமராவைச் சட்டையே செய்யவில்லை. கை துணியிலேயே இருந்தது. ஆனால் வேறு சிக்கல் வந்தது. வட்டத்துக்குள் சேர்க்க ஒரு கோடு வேண்டும். காலரின் உருண்டை முகத்தில் கோட்டுக்கு எங்கே போவது? நாத்தனாரின் கண் பழக்கதோஷத்தில் சட்டைக் கோட்டுக்கே ஓடியது. கேமரா துணிப் பக்கம் சாய்வதை வைத்து எனக்கே அது தெரிந்தது.

ஒரு காலரை முடித்துத் தூக்கினார் காலர். நூலைப் பல்லில் வைத்தார். துணிக்கும் பல்லுக்கும் நடுவே நூல் விறைத்து ஒரு கோடாக நின்றது. நாத்தனாரின் விரல் வளையத்தை ஒரு பொட்டு திருப்பி நின்றது. டக்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றார் காலர், நூலை விடாமல். "காலி டப்பாதானே."

நாத்தனார் நெம்பை இழுத்தார். குமிழ் சுற்றியது.

காலரின் கடைசி நாளன்று படங்கள் வந்தன. பாதிக்கு மேல் சட்டைக் கோடுதான் துல்லியம், காலர் புகையாக இருந்தார். அந்த ஒன்று மட்டும் அப்படி இல்லை. நூல், பல், பல்லில் இருந்த பள்ளம், சிரிக்கத் தயாராக இருந்த கண் எல்லாம் தெளிவு. நாத்தனார் அதை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளைவரை கொடுக்கவில்லை. "கிழிச்சுப் போட்டுட்டான்னா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

காலர் படத்தை வாங்கிப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. அங்கேயே இருந்தது. கைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலர் முனை கோணல்."

"அது துணி மடங்கியிருக்குடி."

"கோணல்தான். தைச்சவளுக்குத் தெரியாதா?"

பிறகு வாயிலிருந்து கையை எடுத்து, ஒரு விரலைப் படத்தில் இருந்த பல்லின் மேல் வைத்தார்.

"இது இவ்வளவு சின்னதா? நான் என்னமோ கதவைத் திறந்து போட்ட மாதிரி இருக்கும்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொண்ணு பெரிசா போட்டுக் குடு. மகன் ஆல்பத்துல முதல் பக்கத்துல ஒட்டச் சொல்றேன். அம்மாவுக்கு ஜலதோஷம் சரியாயிடுச்சுன்னு தெரியட்டும்."

நாத்தனார் சிரித்தார். ஒன்றும் பேசத் தெரியாத நான்கூடச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இப்போது அந்த மெஷினில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். நூலைக் கத்திரிக்கோலால்தான் வெட்டுகிறாள். நாத்தனார் ஏப்ரன் பையிலிருந்து கேமராவை எடுத்து அவள் பக்கம் பார்ப்பார். வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்புவார். பிறகு என்னைப் பார்த்து முணுமுணுப்பார்: "இவகிட்ட ஒரு கோடுகூடக் கிடைக்கலையே."