அண்ணை கேட்ட ஒரு கரண்டி லப்னே

எங்கள் அண்ணை அராலியில் பிறந்தவர். தகப்பனார் வேளைக்கே காலமாகிவிட, பதினாறு வயதில் குடும்பத்தைத் தலையில் சுமந்தார். லண்டன் வந்து, தங்கைமார் மூவரையும் கரைசேர்த்தார். தனக்கென்று ஒரு கலியாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை கோலியர்ஸ் வுட்டில், கடைக்குட்டியான என் வீட்டு மேலறையில்தான் இருந்தார்.

லெபனான்காரர் ஒருவர் தயிரும் பாற்கட்டியும் செய்து விற்கும் இடத்தில் அவருக்கு இருபது வருட வேலை. அங்கே கற்ற லப்னே என்ற கட்டித் தயிரை ஞாயிறுதோறும் வீட்டிலும் செய்வார். கொழுப்பெடுக்காத பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறைமோர் விடுவார். தோய்ந்த தயிரில் உப்புக் கலந்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, குசினிக் குழாயில் தொங்கவிடுவார். ஒரு நாள் முழுக்க மஞ்சள் தண்ணீர் வடியும். அதோடு பாலின் சீனியில் பெரும்பகுதி போய்விடும். புரதமும் கொழுப்பும் துணிக்குள் தங்கும். நாலு லீற்றர் பாலில் ஒரு கிலோ தேறினால் பெரிய காரியம். ஒலிவ் எண்ணெய் விட்டுப் பாணோடு சாப்பிடுவார்.

"நல்ல தயிரைப் பிழிஞ்சு கெடுக்கிறியள்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

சென்ற மாரியில் நுரையீரல் நோய் முற்றி, அண்ணை படுக்கையில் விழுந்தார். வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, "இனி அவர் விரும்பியதைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை.

அன்று பின்னேரம் அண்ணை கேட்டார்: "பிள்ளை, ஒரு கரண்டி லப்னே தாவன்."

"தயிர்ச் சாமான் சளி கட்டும் அண்ணை. சுகம் வந்தாப் பிறகு தாறன்."

"தயிரின்ர குளிரெல்லாம் தண்ணியோட வடிஞ்சு போச்சடி" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை.

நான் கொடுக்கவில்லை. பத்தியம் காத்தால் எழும்பிவிடுவார் என்று நினைத்தேன். கொடுத்தால், தாதி சொன்னதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை எங்களை விட்டுப் போய்விட்டார்.

எட்டாம் நாள், அவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்தோம். அவருடைய முதலாளி தன் கையால் செய்த லப்னேயோடு வந்திருந்தார். அண்ணையின் ஆன்மா சாந்தியடைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணையைத் தூக்கி இருத்திய அயலவர்களுக்கும், தாதிமாருக்கும், துயரில் கூட நின்ற உறவுகளுக்கும், அந்த முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டில் படுத்திருப்பவர் வாய்க்கு ஏதும் கேட்டால், யோசியாமல் கொடுத்துவிடுங்கள். அந்த எட்டாம் நாள் நான் அண்ணையின் படையல் இலையில் ஒரு கிண்ணம் நிறைய லப்னே வைத்தேன். அது வைத்தபடியே இருந்தது.