கரைய மறுத்த பைகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, முதற்பாடத்துக்கு மணி அடிக்கும் நேரம், றோசலின் ரீச்சரின் தம்பி பாடசாலை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். “அக்கா விடியப் போயிட்டா, மாஸ்ரர்.” ஐந்து நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. எனக்கு முதலில் வந்தது கோபம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் “நாளைக்கு” என்றார்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும். இரசாயனவியல் படிப்பித்த நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் ஒரே ஆய்வுகூடத்தைப் பங்கிட்டோம். பங்கிட்டோம் என்பது மரியாதைப் பேச்சு. மேசை முழுவதும் அவருடைய கடற்பாசி, மூலையில் நான். பாசியைச் சோடாவோடு காய்ச்சும் நாளில் பக்கத்து வகுப்பில் தேவாரம்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாடுவார்கள். மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைந்த காலம். அதையும் இதற்குத்தான் எரித்தார்.

எதற்காக? சொன்னவுடன் கரைந்துபோகும் ஒரு கன்றுப் பைக்காக. போர்க்காலப் பொருளாதாரத் தடையில், ஒரு பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு மாதக்கணக்கில் பாவித்த ஊரில், இந்த மனுசிக்கு அழிந்துபோகிற பை வேண்டியிருந்தது! “நிக்கச் சொன்னால் நிக்கவேணும், போகச் சொன்னால் போகவேணும். அதுதான் மாஸ்ரர் நல்ல பல்பகுதியம், நல்ல பொலிமர்” என்பார். பாசிக்கூழில் வார்த்த தாளைச் சுண்ணாம்புத் தண்ணீர் இறுக்கும். அப்பச்சோடாக் கரைசல் இளக்கும். பப்பாசிக் கன்றைப் பையோடு நட்டுச் சோடாத் தண்ணீர் ஊற்றினால் பை கரையும், வேர் அசையாது. என் கண்முன்னே கண்ணாடி முகவைக்குள் கால் மணித்தியாலத்தில் கரைந்தது. பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமையில்தான் கொடிகாமத்தில் தோட்டம் செய்யும் என் அத்தானைப் பிடித்தேன். அந்தப் போகத்துக்கு வைத்திருந்த முந்நூறு கன்றையும் அவர் ரீச்சரின் பைகளில் வளர்த்தார். நட்டார், சோடா ஊற்றினார். பத்து நாளில் இலை மஞ்சளாயிற்று. தோண்டினால் பை செருப்புத் தோல் மாதிரி அப்படியே இருந்தது. உள்ளே வேர் சுருண்டு கிடந்தது.

“தம்பி, உது ஒருத்தற்றை சொல்லும் கேளாத பை” என்றார் அத்தான்.

காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீர் இல்லாததால் நாங்கள் பரிசோதித்தது மழைத் தண்ணீரில். அத்தான் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தோண்டிய கிணறு. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீர். சோடா கழற்றிய சுண்ணாம்பை அது வாளி வாளியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மழைத் தண்ணீர் என்ற யோசனையைச் சொன்னவன் நான். தோட்டக்காரன் மகனான நான்.

ரீச்சர் சைக்கிளில் வந்து வரம்பில் நின்றார். “பிழை என்ரை, அண்ணை. தண்ணியை யோசிக்கேல்லை.” நான் பக்கத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு நான்கு நாள் விடிய விடிய வந்து, ஒவ்வொரு பையாகச் சவர அலகால் கீறி எடுத்தார். பாதிக்கு மேல் தப்பின. நான் ஒருநாளும் போகவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். “உங்கடை அலுவலைப் பாருங்கோ” என்றார், கோபமே இல்லாமல். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.

செத்தவீட்டுக்கு அத்தானும் வந்திருந்தார். வெளியே வாங்குப் பலகையில் இருக்கும்போது, மழைத் தண்ணீர் என் யோசனைதான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் பிந்தி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓம், தெரியும். குருநகர்க் கடற்கரைப் பிள்ளைக்கு எங்கடை கிணத்துத் தண்ணியைப் பற்றி என்ன தெரியும்? உனக்கெல்லோ முதல் தெரியவேணும். மழைத் தண்ணி ஆற்றை யோசனையெண்டு அப்பவே அவவைக் கேட்டனான். ‘மாஸ்ரரை ஒண்டும் கேட்டுப்போடாதையுங்கோ, அவர் ரோசக்காரன்’ எண்டு சொன்னவ.”

ரீச்சர் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். அது ரோசமில்லை ரீச்சர், பயம். அதைக்கூடச் சொல்லவிடாமல் போய்விட்டீர்கள்.