பூட்டிய கேட்டில் மேரி அக்காவின் படம்

மேரி அக்கா போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது ஒரு பேனர். அரியூரில் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். எங்கள் ஊர் ஏரிக்கரைப் பூங்காவின் பூட்டிய கேட்டில் அக்கா ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே, அந்தக் கேட்டைப் பூட்டியவர்களின் கைகூப்பிய படங்கள்.

அங்கே அவர் பெருக்குவார், நான் செடிகளுக்குத் தண்ணீர் விடுவேன். முன்பு அது வெறும் முள்ளுக்காடு. பூங்கா ஆன பிறகு மகளிர் குழுக் கூட்டம், பெண் பார்க்கும் பேச்சு, நடவுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அங்கேதான். மேலத்தெருவும் காலனியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இடம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

அதுவும் சும்மா வந்துவிடவில்லை. ஒருநாள் நடவு முடித்த பெண்கள் சேற்றுக் காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேலத்தெரு நிலக்காரர் ஒருவர் வந்து, “எழுந்து கீழ உக்காருங்கடி” என்றார். மேரி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். “இன்னா சார், பெஞ்சு உங்க வூட்டுதா? தெனம் தொடைக்கிறவ நானு. அவங்க உக்காரட்டும், எடம் இருக்குது, நீங்களும் உக்காருங்க.” அன்று முறைத்துவிட்டுப் போனவர் மறுவாரம் வந்து உட்கார்ந்தார்.

கேட்டில் எவர் பேனர் கட்டினாலும், விழா முடிந்த மறுநாளே அக்கா அவிழ்த்துவிடுவார். பெஞ்சு கிடைக்காதவர்களுக்கு மரத்தடியில் அதுதான் பாய். “மூஞ்சிய கீழ போட்டு விரிபா. எவனா இருந்தாலும் மனுசன் மூஞ்சி மேல உக்காரக் கூடாது” என்பார்.

போன வருஷம் ஊராட்சிக்காரர்கள் ‘அழகுபடுத்தப் போகிறோம்’ என்று பூங்காவைப் பூட்டினார்கள். எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இதுவரை ஒரு செங்கல் வரவில்லை. அக்கா மனு கொடுத்து ஓய்ந்தார். ஆனாலும் தினமும் வந்து கேட்டுக்கு வெளியே பெருக்கினார். “தொறக்கும்போது வாசல் குப்பையா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். மறுபடியும் உள்ளே ஒரு நாள் உட்காரக் கொடுத்துவைக்காமலே போய்விட்டார். பூட்டிய கையே கும்பிடுகிறது! வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நான் ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் அடக்கம் முடிந்து கேட்டின் முன் கூடினோம். உட்கார இடமில்லை. நான் பேனரை அவிழ்த்தேன்.

“யோவ், அக்கா படம்யா!” என்று ஒருவர் பதறினார்.

“மூஞ்சிய கீழ போடுங்க” என்றாள் நடவுக்காரப் பெண் ஒருத்தி.

விரித்தோம். எல்லோரும் உட்கார்ந்தோம். அந்த நிலக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடவுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அக்காவின் நினைவாக என்னிடம் மிஞ்சியது அந்த பேனர். தினமும் சாயங்காலம் கேட்டின் முன் விரிக்கிறேன். அக்காவைத் தெரிந்தவர்கள் வந்து உட்காருங்கள். பூட்டைத் திறக்கும்வரை அதை மடித்துப் பரணில் போட மாட்டேன்.