நாற்பத்தோராம் இலக்கத்துப் பை

இலங்கை மலையகத்து டயகமவில் உயர்தரப் படிப்பு முடித்த கிருஷாந்திக்கு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் சேர்ந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிறுத்த கொழுந்தின் கணக்கை அலுவலகக் கணினியில் சேர்த்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் திரையில் பேரோடு தெரியவைத்தது அவள்தான்.

அந்தத் திரையில் இப்போது சண்முகவடிவின் பேர் வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு முன்பே இறந்துபோனவள்.

"ஒன் பொட்டிக்குப் பேய் புடிச்சிருச்சா பாப்பா?" என்று சிரித்தாள் கொழுந்தெடுக்கும் பிரியந்தி. ஆனால் தராசுக்குக் கிட்ட வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை.

"அந்திக்கொழுந்து நிறுக்கிறதுக்குள்ள சரி பண்ணு புள்ள. இல்லாட்டி திரையைக் கழட்டிட்டு நீயும் வீட்டுக்குப் போயிரு," என்றார் பெரிய கிளாக்கரையா.

அந்தத் தோட்டத்தில் தாயின் பதிவு இலக்கம் மகளுக்குப் போகும். சண்முகவடிவின் நாற்பத்தொன்று, புதிதாக வேலைக்கு வந்த மகள் சுலக்ஷனாவுக்குப் போயிருந்தது. கிருஷாந்தியே பேரை மாற்றியிருந்தாள். கணினியில் சுலக்ஷனா. திரையில் சண்முகவடிவு. கணினியை அணைத்து மறுபடி போட்டாள். அப்போதும் சண்முகவடிவுதான். பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. முதுகுக்குப் பின்னால், கொழுந்தெடுப்பவர்கள் மழைக்குப் போர்த்தும் ஈரக் கம்பளியின் வாடை வருவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பிறகுதான் பிடிபட்டது. திரைக்கு விவரம் அனுப்பும் நிரல், நிறையைப் புதிய கோப்பிலிருந்து எடுத்தது. பேரை மட்டும், காப்புக்காக அவள் எடுத்துவைத்திருந்த பழைய பிரதியிலிருந்து எடுத்தது. அந்த இணைப்பைப் புதிய கோப்புக்கு மாற்றினாள். இறந்தவளின் பேர் மறைந்தது.

அந்தியில் பெண்கள் துணிந்து பைகளைத் தொங்கவிட்டார்கள். பையில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு போனில் தட்டினார். நாற்பத்தொன்றும் வந்தது. திரையில் சுலக்ஷனா என்று விழுந்தது. கிருஷாந்திக்கு மூச்சு வந்தது.

"சுலக்ஷனா எங்க?" என்று கேட்டாள்.

"அதுக்குக் காய்ச்சல். லயத்து வீட்டுல படுத்திருக்கு," என்றாள் பிரியந்தி காதோரமாக. "பேரு விழாம இன்னைக்குச் சம்பளம் போயிறக் கூடாதுன்னு மலையில ஆளுக்கொரு பிடி அது பையில போட்டோம். கண்டாக்கையாகிட்டச் சொல்லிடாத."

"அப்ப பையைத் தூக்கிட்டு வந்தது நீங்களாக்கா?"

"நான் இல்லயே. நிஷாந்திதானே?"

"ஐயோ, நீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றாள் பக்கத்தில் நின்ற நிஷாந்தி.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பை தராசில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. கிருஷாந்தி திரையை மறுபடி பார்த்தாள். இலக்கம் சரி, பேர் சரி, நிறை சரி. கணினியில் எந்தப் பிழையும் இல்லை. அவளுக்கு உடம்பு சில்லிட்டது அதனால்தான்.