ஒன்பது வளைவுக்கு ஒரு வண்டி

இடது கையின் கட்டைவிரல் ரிம்மின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வலது கை சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டது. சுற்றுக்கு ஒருமுறை, ஓர் இடத்தில் மட்டும், ரிம் விரலை உரசியது. கை சக்கரத்தை நிறுத்தியது. உரசிய இடத்து ஸ்போக்கின் திருகைக் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்றுத் தளர்த்தியது. மறுபடி சுற்றியபோது விரலில் எதுவும் படவில்லை. அப்படியும் நம்பாமல் கைகள் இன்னும் நான்கு முறை சுற்றிப் பார்த்தன.

"அண்ணா, மலையில ஓட்டுற மாதிரி ஒரு வண்டி வேணும்" என்று வாசல் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது.

"எந்த இடத்துல இறங்கித் தள்ளுவீங்க?" என்று அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"எதைத் தள்ளணும்?"

"வண்டியைத்தான். பாதையில எந்த இடத்துல ஓட்ட முடியாம இறங்குவீங்கன்னு கேட்டேன்."

"இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள இறங்கச் சொல்றீங்க. நான் இந்த ஊருக்கு வந்தே மூணு மாசம்தான் ஆகுது. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற வேலை. வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னைக்காவது ஊசியைப் பார்க்காம எங்கயாவது போகலாம்னு."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவைப் பார்த்து ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவரை 'இஞ்ச் டேப்' என்பார்கள். முகத்துக்கு நேரே டேப் அண்ணா.

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரன் அவருடைய மனைவியின் தம்பி. அவன் போனை உயர்த்திக் காட்டினான். "அத்தான், மேடம் இதுலயும் ஒரு தடவை பார்த்துடட்டும். ஆறே ஆறு கேள்விதான். உயரம், எடை, வயசு, அவ்வளவுதான். வண்டி எதுன்னு அதுவே சொல்லிடும்."

"அது மலை ஏறியிருக்கா மாப்ள?"

"நீங்கதான் ஏறியிருக்கீங்கல்ல. நீங்களும் சொல்லுங்க, போனும் சொல்லட்டும். ஓட்டினவங்க வந்து எது சரின்னு சொல்வாங்க. போன் சரின்னா நீங்க பேசாம பஞ்சர் பக்கம் உட்கார்ந்துக்கங்க. காலுக்கும் நல்லது."

அக்கறைபோலத்தான் சொன்னான். ஆனால் அவருக்குப் புரிந்தது. மாமனார் காலத்துக் கடை அது. கடைசல் பட்டறையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர், சுமை ஏற்றும் சைக்கிள்களுக்குச் செயின் மாட்டிக்கொண்டு இருந்தார். மலை சைக்கிள் வந்தபோது அதைப் பற்றிச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. அவரே ஒரு கோணமானியும் நூல் குண்டும் வைத்துக்கொண்டு வந்த வண்டியை எல்லாம் அளந்தார். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் செங்குத்தாக நின்றால் வண்டி இடுக்கான வளைவில் சட்டென்று திரும்பும், முன்னால் சாய்ந்து நீண்டால் கரடான இறக்கத்தில் கவிழாமல் இறங்கும் என்பதைத் தன் முழங்கையிலும் முட்டியிலும் தோல் போனபிறகு கண்டுபிடித்தார். அப்புறம் மலையிலிருந்து சைக்கிள்கள் இறங்கும் 'ஒன்பது வளைவு'ப் பாதையை அளக்கத் தொடங்கினார். வருடத்துக்கு ஒருமுறை, மழை நின்றதும், கோடு கீறிய கம்போடு மலை ஏறுவார். வளைவு எத்தனை அடி, வேர் எத்தனை அங்குலம், கல் அசையுமா அசையாதா எல்லாம் நோட்டில் ஏறும். இருபத்தாறு வருடமாக இந்தக் கடையில் வண்டி விற்பது மச்சினன். எந்த வண்டி என்று சொல்வது அவர். அது போய்விட்டால் அக்கா புருஷன் என்பதற்காக ஸ்டூல் போட்டு உட்காரவைத்த ஆள்தான்.

யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. முட்டி தேய்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவர் மலை ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்லவும் இல்லை. வார விடுமுறை அன்று கம்பை எடுத்துக்கொண்டு அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டிவரை போவார். அங்கே உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களின் டயரைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார். "ஒன்பது வளைவு இன்னைக்கு ஈரமா இருக்கு" என்பார்கள். அதை எழுதிக்கொள்வார். கிளம்பும் முன்னால் தொட்டியில் கசிந்த சேற்றை எடுத்துப் பூட்ஸில் பூசிக்கொள்வார்.

அந்தப் பெண்ணுக்கு அவர் முக்கால் மணி நேரம் செலவழித்தார். தோளில் பையோடும் தலைக்கவசத்தோடும் உட்காரவைத்து, ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார். காலின் உள்ளளவு எடுத்தார். பின்பக்கம் குலுக்கல் தாங்கும் ஷாக் இல்லாத, ஃபோர்க் செங்குத்தாக நிற்கிற, லேசான வண்டி ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கினார்.

போன் வேறு வண்டி சொன்னது. முன்னும் பின்னும் ஷாக், நீண்டு சாய்ந்த ஃபோர்க், தடித்த டயர்.

"இது எதுக்கு?" என்றார் அவர். "ஒன்பது வளைவுல இந்த நீளத்தைத் திருப்பறதுக்குள்ள விடிஞ்சுடும். பஸ்ஸைச் சந்துக்குள்ள விட்ட மாதிரி."

அவள் சிரித்தாள். "நான் அண்ணா சொல்றதையே எடுத்துக்கறேன். போனுக்கு என்ன தெரியும்."

மச்சினன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவர் வண்டியோடு எப்போதும் கொடுக்கும் பாதைச் சீட்டை நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதினார். முதல் வளைவு வலப்பக்கம், உதிரி மண். ஐந்தாவது இடப்பக்கம், வளைவின் வாயில் ஐந்து அங்குல வேர், மெதுவாக. இப்படி ஒன்பதும். கீழே 'அளந்த தேதி' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. போன மாதத்துத் தேதி ஒன்றைப் போட்டார்.

இத்தனை நாள் அதனால் எதுவும் ஆனதில்லை. பழகினவர்கள் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக வந்தவள்தான் வரி வரியாகப் படித்தாள்.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பின்னால் ஆட்டோக்காரர் வண்டியை இறக்கி வைத்தார். முன் சக்கரம் நசுங்கிய தகர டப்பாபோல மடிந்திருந்தது.

"ஒன்பது வளைவுன்னு எழுதியிருந்தீங்க" என்றாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. "எண்ணிக்கிட்டேதான் இறங்கினேன். நாலு வந்துச்சு. அஞ்சாவது வரவே இல்ல."

"வேகத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க."

"இடப்பக்கம் திரும்பணும், மெதுவான்னு எழுதியிருந்தது. நானும் மெதுவா இடப்பக்கம் திருப்பினேன். அங்க பாதையே இல்ல. மலை சரிஞ்சு நேரா கீழ போகுது. வெறும் கல்லு. முன் சக்கரம் மாட்டி நான் அதுக்கு மேல பறந்து போய் விழுந்தேன்."

"எப்ப சரிஞ்சது?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. மச்சினன் போனிலிருந்து கண்ணை எடுத்தான்.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள் அவள். சீட்டை இடது கையால் மேசைமேல் விரித்தாள். ஒரு மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது. "போன மாசம் அளந்ததா தேதி போட்டிருக்கீங்க. அங்க பாறையில புல்லே முளைச்சிருக்கு. ஒரு வருஷமாவது இருக்கும்."

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "முட்டி..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

"எனக்கு ஊசி பிடிக்கிற கை இது. ஒன்னரை மாசம் டோக்கன் நம்பர் கூப்பிடுற ஜன்னல்ல உட்கார வச்சிருக்காங்க. போகட்டும். இந்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கங்க. கை சரியானதும் நான் மறுபடி அதே பாதைக்குத்தான் போவேன். அதுக்கு ஏத்த வண்டி குடுங்க."

"கண்டிப்பா மேடம்" என்றான் மச்சினன். அவள் போன பிறகு அவன் திட்டவில்லை. கடையின் பின்கோடியில் பஞ்சர் தொட்டியை மறைத்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தான். திட்டியிருக்கலாம்.

வீட்டில் மனைவிக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. தம்பி போன் செய்திருப்பான். அவள் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கிறவள்; சில்லறை எண்ணும் வேகத்தில் பேசுவாள்.

"ரெண்டு வருஷமா மலை ஏறலையாமே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். உங்க பூட்ஸை நான்தானே கழுவறேன். சேறு எல்லாம் மேலதான் இருக்கும். அடியில ஒரு பொட்டு இருக்காது. காத்துல நடந்து போயிட்டு வர்றீங்களோன்னு நினைச்சுக்குவேன்."

"தெரிஞ்சே ஏன் கேட்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? இன்னும் கொஞ்சம் அடியிலயும் பூசியிருப்பீங்க." அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு அது பொய்யாவே தெரியல. கால் போனதை மறைக்கிற கௌரவம்னு விட்டுட்டேன். அந்தப் பொண்ணு கை உடையும்னு எனக்கு எப்படித் தெரியும்."

அவர் சாப்பிட உட்கார்ந்து, தட்டில் கை வைக்காமலே எழுந்தார்.

அந்த வார விடுமுறை அன்று அவர் மலை ஏறினார். முட்டியில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று, இளம் வயதில் ஒரு மணி நேரத்தில் ஏறிய மறுபக்கத்து ஏற்றப் பாதையை நாலரை மணி நேரத்தில் ஏறினார். மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வளைவுப் பாதையில் இறங்கத் தொடங்கினார். நாலு வளைவும் நோட்டில் இருந்த மாதிரியே இருந்தன. அதற்குப் பிறகு மலை இருக்கவில்லை. சிவந்த மண்ணும் பெயர்ந்த கல்லுமாக ஒரு சரிவு நேராக அடிவாரத்தை நோக்கி ஓடியது. ஐந்தாவது வளைவின் வாயில் இருந்த மரம் தலைகீழாகக் கிடந்தது. அவர் அளந்து எழுதிய வேர், அளந்த அதே ஐந்து அங்குலத்தோடு, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

கல்லின்மேல் கம்பை வைத்து அளந்துகொண்டிருந்தபோது தெரிந்த பையன்கள் இருவர் மேலிருந்து வண்டியில் வந்து நின்றார்கள்.

"டேப் அண்ணா, என்ன இங்க உட்கார்ந்து தவம்?"

"இது சரிஞ்சு எவ்வளவு நாள் ஆச்சு?"

"போன மழைக்கு முந்தின மழை."

"கீழ தொட்டிகிட்ட வாரா வாரம் என்னைப் பார்க்கறீங்களே. ஒருத்தன் சொல்லலையே. இன்னும் ஒன்பது வளைவு, ஒன்பது வளைவுன்னே பேசறீங்க."

"பேரு அதுதானே அண்ணா, அதை எங்க போய் மாத்த. அப்புறம், உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கே போய் பாதையைப் பத்திச் சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டோம்."

அவர்கள் போனார்கள். முன்னும் பின்னும் ஷாக் உள்ள வண்டிகள்; கல்மேல் ஏறி இறங்கி, ஆள் அதிகம் குலுங்காமல் கீழே போய்ச் சேர்ந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அளவை முடித்தார். அசையும் கல் ஆறு அங்குலம்வரை. வளைவு கிடையாது. சரிவில் பாதித் தூரம் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினார்.

மறுநாள் காலை கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தச் சரிவுக்கு நீண்டு சாய்ந்த ஃபோர்க் வேண்டும். பின் சக்கரம் கல்லில் துள்ளாமல் இருக்கப் பின்னாலும் ஷாக் வேண்டும். டயர் தடியாக இருக்க வேண்டும். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ள வசதியாக, விசையை அழுத்தினால் தாழ்கிற இருக்கை வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரே வண்டியில்தான் வந்து நின்றது.

கல்லாவுக்குப் போனார். "மாப்ள, உன் போன் சொன்ன வண்டிதான் சரி."

மச்சினன் கணக்குப் புத்தகத்தை மூடினான். அவன் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

"அது எல்லாருக்கும் அந்த வண்டியைத்தான் சொல்லும் அத்தான்" என்றான்.

"எல்லாருக்குமா?"

"கம்பெனிக்காரன் அதைத்தானே விற்கணும்னு இருக்கான். நேத்து ஒருத்தர் பேப்பர் போடறதுக்கு வண்டி கேட்டாரு. அவருக்கும் இதையேதான் சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா அதை மலை மாதிரி நம்பறே?"

"நான் எங்க நம்பறேன். அது தப்பாச் சொன்னா கம்பெனி மேல போட்டுடலாம். நீங்க தப்பாச் சொன்னா கடை மேல வருது. இனிமே நீங்க வண்டி சொல்ல வேண்டாம் அத்தான். இந்த ஒரு வண்டியைப் பூட்டிக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் பின்னாடி உட்கார்ந்துக்கங்க. அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

 எதிர்த்துப் பேச இருந்த வார்த்தையை எல்லாம் அவர் அந்தப் பொய்த் தேதியை எழுதும்போதே செலவழித்திருந்தார்.

வண்டியைப் பூட்ட இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை அது. ரிம் ரிம்மாக விரல் வைத்துப் பார்த்தார். அவள் எடைக்கு ஷாக்கில் காற்றை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். மாவுக்கட்டுப் பிரித்த கை மெலிந்திருக்கும், பிடி தளர்ந்திருக்கும் என்று வலது பிரேக் லீவரை ஹேண்டில்பாருக்குப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்தார். நல்ல கைக்கு முழு வேலையும் போகட்டும் என்று முன் பிரேக்கை இடது பக்கத்துக்கு மாற்றினார். இதெல்லாம் அந்த ஆறு கேள்வியில் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

கட்டுப் பிரித்து நாலு நாள் கழித்து அவள் வந்தாள். வலது கை ஒரு சுற்று இளைத்து, வெளுத்துப்போய் இருந்தது. அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். லீவரை அழுத்திப் பார்த்தாள். விரல் எட்டியது. இன்னொரு முறை அழுத்தினாள்.

"முன் பிரேக் இடது பக்கம் மாத்தியிருக்கு. முதல்ல சமதரையில ரெண்டு நாள் பழகிக்கங்க" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். இருக்கையைத் தாழ்த்தினாள், உயர்த்தினாள். பிறகு அவரைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்தே கேட்டாள்.

"இது நீங்க சொன்ன வண்டியா, போன் சொன்னதா?"

கல்லாவிலிருந்து மச்சினன் பார்த்தான்.

அவருக்கு முட்டி வலித்தது. சரிவில் உட்கார்ந்தபடி இறங்கியதில் உள்ளங்கையில் கல் கிழித்த தழும்பு இன்னும் மறையவில்லை.

"போன் சொன்னதுதாங்க" என்றார்.

"அப்ப சரி."

அவள் இறங்கி, ஹேண்டில்பாரை முதலில் இடது கையாலும் பிறகு மெதுவாக வலது கையாலும் பிடித்தாள். அவர் வண்டியின் இருக்கையிலிருந்து கையை எடுத்தார்.